மின்னஞ்சல் ஏமாற்று: அறிதலும் தவிர்த்தலும்

முன்னுரை

கடிதம் பெறுபவர் முதலில் நோக்குவது அதன் மேலுறையை. அனுப்பியவர் பெயர், ஊர் முத்திரை, பழகிய கையெழுத்து ஆகியவை உறையைப் பிரிக்கும் முன்னரே ஒரு தெளிவைத் தந்தன. மின்னஞ்சலில் கையெழுத்து இல்லை. முத்திரை கண்ணுக்குத் தெரிவதில்லை. எவர் பெயரிலும் எவரும் எழுதலாம் என்னும் நிலை அங்கு நிலவுகின்றது. இந்நிலையைப் பயன்படுத்தி மக்களின் கடவுச்சொல்லையும் பொருளையும் கவர்வோர் பெருகியுள்ளனர்.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய நம் வட்டாரத்தில் வேலை தேடும் இளைஞர் உள்ளனர். சிறுதொழில் நடத்துவோர் உள்ளனர். படைத்துறைத் தொழிற்சாலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் உள்ளனர். வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பொருளால் வாழும் குடும்பங்களும் உள்ளன. இந்நால்வகையினரின் பொருளும் இன்று மின்னஞ்சலோடு பிணைந்து கிடக்கின்றது. ஆகவே, ஏமாற்று மடலை அறியும் வழி, தவிர்க்கும் நெறி, தீங்கு நேர்ந்தபின் செய்யத்தக்கன ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

இவ்வகை ஏமாற்றை ‘ஃபிஷிங்’ என்பர். தூண்டிலிட்டு மீன் பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே இதற்கும் உரியது. எழுத்து மட்டும் வேறு. 1990களின் நடுப்பகுதியில், ‘அமெரிக்கா ஆன்லைன்’ என்னும் நிறுவனத்தின் ஊழியர்போல் நடித்து, அதன் வாடிக்கையாளரிடம் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்றவர்களின் செயலையொட்டி இச்சொல் வழக்கிற்கு வந்தது. தமிழில் இதனைத் ‘தூண்டில் மடல்’ எனலாம். மடலில் உள்ள செய்தி இரை. அதில் உள்ள இணைப்பு முள்.

இந்தியாவில் இதன் பொருளை முதலில் வரையறுத்தது தில்லி உயர்நீதிமன்றம் ஆகும். மென்பொருள் நிறுவனங்களின் சங்கமாகிய நாஸ்காம் தொடுத்த வழக்கில் 2005 மார்ச்சு மாதம் அது ஆணை வழங்கியது. வேலைக்கு ஆள் தேடித் தரும் முகமை ஒன்றை நடத்தியோர் நாஸ்காமின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பிப் பிறருடைய சொந்த விவரங்களைத் திரட்டினர் என்பது குற்றச்சாட்டு. இதற்கெனத் தனிச்சட்டம் இல்லாதபோதும் இது சட்டத்திற்குப் புறம்பான செயலே என நீதிமன்றம் கூறிற்று. எதிர்த்தரப்பினர் 16 இலட்சம் ரூபாய் தர இசைந்தனர். பின்னர், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது 66சி, 66டி என்னும் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பிறருடைய கடவுச்சொல்லைக் களவாகப் பயன்படுத்துதலுக்கும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் இப்பிரிவுகளில் விதிக்கப்பட்டுள்ளன.

தூத்துக்குடி வழக்கு

தமிழகத்தில் எழுந்த ஒரு வழக்கு இப்பொருளை நன்கு விளக்கும். அபுதாபியில் பணியாற்றிய தமிழர் ஒருவர் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்தார். 2007 செப்டம்பரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்புநர் முகவரி அவ்வங்கியின் வாடிக்கையாளர் சேவை முகவரிபோலவே இருந்தது. இணையவழி வங்கிச் சேவைக்குரிய பெயரையும் கடவுச்சொல்லையும் தெரிவிக்காவிடில் கணக்கு இல்லாமற் போகும் என்று அது கூறியது. வங்கியின் வழக்கமான மடல் என எண்ணி அவர் விடை எழுதினார். அவருடைய கணக்கிலிருந்து 6.46 இலட்சம் ரூபாய் வேறொரு நிறுவனத்தின் கணக்கிற்கு மாறியது. அதில் 4.6 இலட்சம் ரூபாய் மும்பைக் கிளை ஒன்றில் எடுக்கப்பட்டுவிட்டது.

வாடிக்கையாளர் தாமே கடவுச்சொல்லைத் தந்தார் என்பது வங்கியின் வாதம். இவ்வழக்கை, சட்டம் தரும் தீர்ப்பளிக்கும் அலுவலர் என்னும் பொறுப்பில், தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் விசாரித்தார். வங்கி போதிய பாதுகாப்பு மேற்கொள்ளவில்லை என முடிவு செய்து, இழப்பு, வட்டி, செலவு ஆகியவற்றைச் சேர்த்து 12.85 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். வங்கி மேல்முறையீட்டை நாடியது.

இவ்வழக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, அனுப்புநர் முகவரி சரியாகத் தோன்றுவது மட்டும் சான்றாகாது என்பது. இரண்டாவது, பொருள் போன வேகத்தில் நீதி வருவதில்லை என்பது. ஒரு மடலுக்கு விடையெழுதும் நேரத்தில் நேர்ந்த இழப்புக்கு முதல் ஆணை கிடைக்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை.

ஏமாற்று மடலின் இலக்கணம்

ஏமாற்று மடல்கள் பலவாயினும் அவற்றின் இலக்கணம் ஒன்றே. மதிப்புள்ள பெயர், பாதி உண்மை, அவசரம் என்னும் மூன்றும் அவற்றில் அமைந்திருக்கும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லன் செயலில் இம்மூன்றையும் ஒருங்கே காணலாம்.

அவன் அரண்மனைத் தொழில் செய்யும் கொல்லன்; ஆகவே அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அரசியின் சிலம்பு காணாமற் போனது மெய். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததும் மெய். இரண்டையும் இணைத்த கூற்று மட்டுமே பொய். அரசியின் ஊடல் தணிக்க மன்னன் விரைந்து செல்லும் வேளையை அக்கொல்லன் தனக்கு வாய்ப்பாக்கிக்கொண்டான். மன்னனோ இரு சிலம்புகளையும் ஒப்பு நோக்கவில்லை. ஒன்றின் பரல் முத்து, மற்றொன்றின் பரல் மாணிக்கம் என்னும் வேறுபாடு, கண்ணகி தன் சிலம்பை உடைத்த அளவில் வெளிப்பட்டது. ஆராய்வதற்கு அரிய செய்தி அன்று அது. ஆராயப்படாமற் போன செய்தி.

இன்றைய மடலிலும் இதுவே நிகழ்கின்றது. வங்கி, வருமான வரித்துறை, மின்வாரியம், கல்லூரி நிருவாகம் போன்ற பெயர் மதிப்பைத் தருகின்றது. நமக்கு அவ்வங்கியில் கணக்கு இருப்பதும், நாம் வரி செலுத்தியதும் மெய்யாக இருக்கின்றன. ‘இன்று மாலைக்குள்’, ‘24 மணி நேரத்திற்குள்’ என்னும் சொற்கள் ஆராயும் பொழுதைப் பறித்துக்கொள்கின்றன. அச்சமும் ஆசையும் இவ்வவசரத்தின் இரு முகங்கள். கணக்கு முடங்கும் என்பது அச்சம். பரிசு விழுந்தது, வரிப்பணம் திரும்ப வரும் என்பது ஆசை.

பிழை மலிந்த மொழிநடையே ஏமாற்று மடலின் அடையாளம் என முன்னர்க் கூறிவந்தனர். அவ்வடையாளத்தை இனி நம்புவதற்கில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதித் தருகின்றன. நடை செம்மையாக உள்ளது என்பதனால் மடல் மெய்யாகிவிடாது. ஆகவே மடலின் தோற்றத்தைவிட அது வந்த வழியே ஆராயத்தக்கது.

முகவரியைப் படிக்கும் முறை

மடலில் உள்ள இணைப்பு எங்கே இட்டுச் செல்லும் என்பதை அதன் முகவரி காட்டும். இணைப்பின்மீது கணினிச் சுட்டியை வைத்தாலும், கைப்பேசியில் விரலைச் சிறிது நேரம் அழுத்தி வைத்தாலும், அதனைத் திறக்காமலே முகவரியைக் காணலாம்.

இம்முகவரியை அரபு எழுத்தைப் படிப்பதுபோல் வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விடுத்து, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுகொள்க. அங்கிருந்து இடப்புறமாகச் செல்லும்போது எதிர்ப்படும் பெயரே தளத்தின் உரிமையாளரைக் காட்டும். அதற்கும் இடப்புறத்தில் உரிமையாளர் தாம் விரும்பிய பெயரையெல்லாம் எழுதிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வங்கியின் பெயர் தொடக்கத்தில் நின்று, இறுதியில் ‘வெரிஃபை டாட் காம்’ என முடியுமாயின், அத்தளம் வங்கிக்கு உரியதன்று. ‘வெரிஃபை டாட் காம்’ என்னும் பெயரைப் பதிந்தவர்க்கு உரியது.

இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகள் தம் இணையதளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்றுமாறு பணித்தது. இம்முடிவுடைய பெயரை வங்கியல்லாதார் பதிவு செய்ய இயலாது. ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ‘பேங்க்’ என்பதற்கு முன் புள்ளி இருத்தல் வேண்டும். புள்ளியின்றி, வேறொரு சொல்லோடு ஒட்டியோ சிறுகோட்டால் இணைந்தோ வரின் அது வேறு முகவரி. எழுத்தின்மேல் வைக்கும் ஒரு புள்ளி தமிழில் சொல்லின் பொருளை மாற்றுவதுபோல, இங்கு ஒரு புள்ளி உடைமையாளரையே மாற்றிவிடும்.

இவ்வாறே நடுவணரசு, மாநில அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘டாட் கவ் டாட் இன்’ என முடிகின்றன. வருமான வரித்துறை, இந்திய ஹஜ் குழு, படைத்துறை ஓய்வூதியத்திற்குரிய ‘ஸ்பர்ஷ்’ ஆகியவற்றின் தளங்கள் இம்முடிவு உடையவை.

அறிவிப்பாளர் தொடரும் மடலின் தொடரும்

நம் முன்னோர் செய்தியை ஆராய்வதில் பெரும் நெறி ஒன்றை வகுத்துள்ளனர். செய்தி கொண்டு வருவோர் நம்பத்தகாதவராயின் அதனைத் தெளிவாக விசாரித்தறிதல் வேண்டும் என்பது திருக்குர்ஆனின் அல்-ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனத்தின் கருத்து. நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள் ‘மத்ன்’ எனப்படும் செய்தியை மட்டும் பார்க்கவில்லை. அதனை யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் ‘ஸனது’ ஆகிய அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தனர். தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நேர்மையாளராகவும் இருக்க வேண்டும். அறிவிப்பாளர்களின் வரலாற்றை ஆராய ‘ரிஜால்’ என்னும் தனிக்கலையே தோன்றிற்று.

புனிதமான அப்பணியோடு மின்னஞ்சலை ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் அவ்வாய்வு முறை நமக்கு வழிகாட்டும். மின்னஞ்சலுக்கும் ஒரு தொடர் உண்டு. மடல் கடந்து வரும் ஒவ்வொரு வழங்கிக் கணினியும், தான் யாரிடமிருந்து அதனைப் பெற்றது என்பதை ஒரு வரியாக அம்மடலின் தலைப்பகுதியில் பதிக்கின்றது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மடலின் வலப்புறமுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் இத்தொடரைக் காணலாம். மேலே உள்ள வரி இறுதியாகப் பெற்றவருடையது. கீழே செல்லச் செல்லத் தொடக்கம் நோக்கிப் போகின்றோம். கீழ் வரிகளை ஏமாற்றுவோர் புனைந்து சேர்க்கவும் கூடும். நம் சேவை நிறுவனம் பதித்த வரியே நம்பத்தக்கது.

மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் தம் பெயரை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. அக்குறையை நிறைக்கப் பின்னர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் சோதனைகள் வந்தன. மடலை அனுப்பிய கணினிக்கு அவ்வுரிமை உண்டா என்பதை முதற்சோதனை காட்டும். மடலில் இடப்பட்ட மின்முத்திரை சிதையாமல் உள்ளதா என்பதை இரண்டாவது காட்டும். இவை நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகின்றனவா என்பதை மூன்றாவது காட்டும். மேற்கூறிய ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் இவற்றின் முடிவு தேறியது அல்லது தவறியது என இருக்கும்.

மூன்றும் தேறினாலும் ஆய்வு முடிந்துவிடாது. ஏமாற்றுவோர் தாமே பதிந்த முகவரியிலிருந்து முறையாக அனுப்பினால் அம்மடலும் தேறும். தொடர் அறுபடவில்லை என்பதையே அது காட்டுகின்றது. அறிவிப்பவர் நேர்மையாளர் என்பதை அது காட்டுவதில்லை. அதனை நாமே வேறு வழியில் விசாரித்தறிதல் வேண்டும்.

நம் வட்டாரத்தாரும் தூண்டில் மடலும்

மாணவர்க்கு வேலை வாய்ப்பே இரையாகும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரில் பணி ஆணை வரும்; பதிவுக் கட்டணம், பயிற்சிக்கான முன்பணம், விசாச் செலவு எனப் பணம் கேட்கப்படும். நேர்மையான நிறுவனம் வேலை தருவதற்கு விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை என்பதை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைபோன்ற இடங்களில் சிறுதொழில் நடத்துவோர்க்கு விலைப்பட்டியலே இரையாகும். மூலப்பொருள் தரும் நிறுவனத்தின் பெயரில், ‘எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இக்கணக்கிற்கு அனுப்புக’ என ஒரு மடல் வரலாம். இவ்வலையில் உலகப் பெரு நிறுவனங்களும் வீழ்ந்துள்ளன. தைவான் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி விலைப்பட்டியல்களை அனுப்பி, லிதுவேனியா நாட்டவர் ஒருவர் 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரண்டிடமிருந்தும் பத்துக் கோடி டாலருக்கு மேல் பறித்தார். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. கணக்கு எண் மாறியது என மடல் வரின், நெடுநாளாக நம்மிடமுள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்ட பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும். மடலில் தரப்பட்ட எண்ணில் கேட்டால் கள்வனே விடை கூறுவான்.

ஓய்வூதியர்க்கு ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்று இரையாகும். சான்று தராவிடில் ஓய்வூதியம் நிற்கும் என்பது பாதி உண்மை. அதற்காக ஓ.டி.பி. எண்ணைக் கேட்டும், செயலி ஒன்றைப் பதிந்துகொள்ளச் சொல்லியும் வரும் மடல் ஏமாற்றே. வளைகுடாவிலுள்ளோர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் வங்கிக் கணக்குப் புதுப்பித்தல், பயணச்சீட்டு, உம்ராப் பயணச் சலுகை ஆகியவை இரையாகலாம்.

தவிர்க்கும் நெறிகள்

1. மடலில் உள்ள இணைப்பின் வழியே வங்கிக்கோ அரசுத் தளத்திற்கோ செல்லாதீர். முகவரியை நீங்களே தட்டெழுதிச் செல்க. அல்லது நீங்கள் முன்னரே பதிந்து வைத்த செயலியைத் திறக்க.

2. கடவுச்சொல், ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் ஆகியவற்றை எவர் கேட்பினும் தராதீர். யு.பி.ஐ. பின் பணம் தருவதற்கே தேவை, பெறுவதற்குத் தேவையில்லை.

3. எதிர்பாராத இணைப்புக் கோப்பைத் திறவாதீர். அறிந்தவர் பெயரில் வந்திருப்பினும் அவரைத் தொலைபேசியில் கேட்டறிக.

4. மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் அமைத்துக்கொள்க. பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் மடல்கள் அங்கேயே வருவதால், மின்னஞ்சல் வீட்டின் தலைவாசல் போன்றது.

5. அவசரப்படுத்தும் மடலைக் கண்டால் சற்றுப் பொறுத்து, வீட்டிலுள்ள ஒருவரிடமேனும் உரக்கப் படித்துக் காட்டுக. தனிமையில் மெய்யாகத் தோன்றியது பிறர் செவியில் விழும்போது ஐயத்திற்கு உரியதாகிவிடுதல் உண்டு.

தீங்கு நேர்ந்தபின்

கடவுச்சொல்லைத் தந்துவிட்டதாக உணர்ந்த அக்கணமே வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் செய்தல் வேண்டும். அடுத்து, சைபர் குற்ற உதவி எண்ணாகிய 1930ஐ அழைத்தல் வேண்டும். பணம் கை மாறுவதற்குள் அதனை நிறுத்தி வைக்க முயல்வதே இவ்வமைப்பின் பணி. ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ என்னும் தேசியத் தளத்திலும் புகார் பதியலாம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செயற்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்திலும் முறையிடலாம். ஏமாற்று மடலை அழித்துவிடலாகாது. அதன் தலைப்பகுதியே துப்பு.

விரைவுக்குப் பணமதிப்பும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் கடவுச்சொல்லைத் தந்த இடத்தில், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும் என்றும், தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றும் வகுத்தது. எனவே வாய் திறவாதிருக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பாக மாறக்கூடும்.

ஆயினும் பலர் வாய் திறப்பதில்லை. படித்திருந்தும் ஏமாந்தாயே என்னும் ஏளனத்திற்கு அஞ்சி மாணவர் பெற்றோரிடம் மறைக்கின்றனர். முதியோர் மக்களிடம் மறைக்கின்றனர். கணவர் அயல்நாட்டில் ஈட்டிய பொருள் போயிற்று என்பதை மனைவியர் சொல்லத் தயங்குகின்றனர். இத்தயக்கமே கள்வர்க்குத் துணை. ஏமாற்றியவனுக்கு உரிய வெட்கத்தை ஏமாந்தவர்மேல் சுமத்துதல் அறமாகாது. வீட்டில் இத்தகைய செய்தி வந்தால், ‘ஏன் செய்தாய்?’ என்னும் வினாவுக்கு முன் ‘வங்கிக்குச் சொன்னாயா?’ என்னும் வினா எழுதல் வேண்டும். ஜமாஅத் பெரியோர் இக்கருத்தை எடுத்துரைப்பின் பயன் மிகும்.

முடிவுரை

மதிப்புள்ள பெயர், பாதி உண்மை, அவசரம் என்னும் மூன்றும் கூடிய மடல் ஐயத்திற்கு உரியது என்பதும், முகவரியை வலமிருந்து இடமாகப் படித்துத் தளத்தின் உரிமையாளரை அறியலாம் என்பதும், மடல் காட்டும் வழியை விடுத்து நாம் அறிந்த வழியில் உண்மையைத் தெளிய வேண்டும் என்பதும் இக்கட்டுரையால் பெறப்பட்டன. எல்லா மடலையும் அஞ்சி ஒதுக்குதல் இதன் கருத்தன்று. திருக்குறள் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தது. தெரிதல் முன், தெளிதல் பின் என்னும் முறை அத்தலைப்பிலேயே அமைந்துள்ளது. முறை மாறினால் கேடு. முறை நின்றால் மின்னஞ்சலும் நல்லதொரு கருவியே. இதனைக் கற்ற மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோர் இருவருக்கேனும் இன்றே எடுத்துரைப்பாராக. வியர்வை சிந்தி ஈட்டிய நம் மக்களின் பொருளை வல்ல இறைவன் காத்தருள்வானாக.